துவைகல்லில் எண்ணிய எழுத்துகள்

அந்தக் கொல்லையில் இருந்தவர்கள் இவர்கள்.

ஜெயசீலன் சார். எங்கள் ஆபீசில் கல்வெட்டு படிக்கிறவர்.

நான், கலியமூர்த்தி. மைப்படி எடுக்கிறவன்.

வீட்டுக்கார அம்மா ஜுலைகா.

அவங்க மகள் சபுரா. அப்போது வயிற்றில் ஏழு மாசம்.

சபுரா வீட்டுக்காரருக்கு அண்ணன் ஹாஜா.

ஐந்து பேர். கல்லுக்கு அடியில் ஆறாவதாக ஒருத்தி இருக்கிறாளா இல்லையா என்று பார்க்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நான் ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆகிறது. போன மாசம் ஆபீசில் இருந்து புதுசாக வேலைக்கு வந்தவர் ஒருவர் போன் பண்ணினார்.

"ஐயா, இப்பல்லாம் மைப்படி கிடையாது. லைட்டு போட்டு போன்ல படம் எடுத்தா அதுவே எழுத்தக் கண்டுபிடிச்சுப் படிச்சிடுது. பழைய ரிஜிஸ்டர்ல இருக்கிற கல்லையெல்லாம் திரும்ப எடுக்கப் போறோம். உங்க அனுபவத்த எழுதிக் குடுங்களேன்."

"எனக்கு எழுத வராதுங்க" என்றேன்.

"பேசுற மாதிரி எழுதுங்க, போதும்."

ரெண்டு நாள் யோசித்தேன். ரிஜிஸ்டரில் ஒரு இடம் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்காக எழுதுகிறேன்.

எனக்குக் கீரப்பாளையம் பக்கம். அஞ்சாவது வரை படித்தேன். தமிழ் படிப்பேன். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. சிதம்பரம் ஆபீசில் தண்ணீர் தூக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு வாளி தூக்கினேன். பிறகு காகிதம் நனைத்தேன். ஆறு வருஷம் கழித்து பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

வேலையைச் சொல்கிறேன். முதலில் கல்லைக் கழுவ வேண்டும். தேங்காய் நார் போட்டுத்தான் தேய்க்கணும். கம்பி பிரஷ் கூடாது, கல்லைச் சுரண்டிவிடும். காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து கல் மேல் விரிக்க வேண்டும். நடுவில் இருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ள வேண்டும். பிறகு பன்றி மயிர் பிரஷ்ஷால் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க ஈரக் காகிதம் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். பாதி காய்ந்ததும் மை. பஞ்சு வைத்துத் துணி கட்டின உருண்டையால் ஒத்தி எடுக்க வேண்டும். மேடு கறுப்பாகும். பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். முழுசாகக் காய்ந்ததும் காகிதம் தானாகக் கல்லை விடும். விடும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வருகிற வரை தொடக் கூடாது. தொட்டால் கிழியும்.

கோயில் சுவரில் வேலை செய்கிறபோது பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும். மணி அடிக்கும். சமாதிக் கல்லில் அப்படி இல்லை. வெயிலில் உட்கார்ந்து காகிதம் விடுகிறதுக்குக் காத்திருப்போம். கீழே படுத்திருக்கிறவர்களும் காத்திருக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதில் பயம் இல்லை. ஆனால் அந்த "டிக்" வருகிறபோது யாரோ மூச்சு விட்ட மாதிரி இருக்கும். முப்பத்தொரு வருஷத்தில் அது மட்டும் பழகவில்லை.

ஜெயசீலன் சார் என்னை விட நாலு வயசு சின்னவர். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவங்க வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் அவர்தான். கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன கல்லெல்லாம் அவர் பொறுப்பு. அஞ்சு பாஷை அகராதி வைத்திருந்தார். அஞ்சையும் ஒரே துணிப்பையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வருவார்.

சத்தம் போட மாட்டார். திட்ட மாட்டார். வேலை தப்பாக இருந்தால் கை கடிகாரத்தைக் கழற்றுவார். கண்ணாடி கீழே வருகிற மாதிரி கவிழ்த்து, கல் ஓரத்தில் வைப்பார். திரும்பச் செய் என்று அர்த்தம். சரியான பிறகுதான் கடிகாரத்தைத் திருப்பிக் கட்டுவார். நேரம் எவ்வளவு ஆனாலும் அதற்கு நடுவில் மணி பார்க்க மாட்டார்.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று. ரிஜிஸ்டரில் ஒவ்வொரு கல்லுக்கும் மூணு கட்டம். முதல் கட்டத்தில் நான் கல்லில் விரல் வைத்து எண்ணின எழுத்து. ரெண்டாவதில் காகிதத்தில் எண்ணினது. மூணாவதில் அவர் படித்தது. மூணும் ஒன்றாக இருந்தால்தான் கையெழுத்து.

இது ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். கடலூர் பழைய டவுன் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் இங்கிலீஷ்காரர் ஒருத்தரின் குழந்தைக் கல். நான் எண்ணினால் எழுபத்தி மூணு. அவர் படித்தால் எழுபத்தி நாலு. நாலு தடவை எண்ணினோம். கடைசியில் அவர் என் விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக வைத்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றார். அங்கே வழவழவென்று இருந்தது. ஒன்றும் இல்லை.

"இங்க ஒரு எழுத்து இருக்கணும்" என்றார்.

"இல்ல சார்."

"இருக்கணும். இல்லன்னா வார்த்தை முடியாது."

"வார்த்தை எனக்குத் தெரியாது சார். எழுத்து இல்ல."

கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். அன்றைக்கு அது அவருக்காக.

"நான் இல்லாத எழுத்தைப் படிச்சிருக்கேன் கலியமூர்த்தி" என்றார். "எனக்கு வார்த்தை தெரியும். அதனால கண்ணு தானா நிரப்பிடுது. உங்களுக்குத் தெரியாது. அதனால உங்க விரல்தான் சாட்சி. இனிமே நீங்க முதல்ல எண்ணுங்க. நான் கடைசியா படிக்கிறேன்."

எனக்குப் படிக்கத் தெரியாதது ஒரு இடத்தில் உபயோகப்பட்டது அதுதான்.

அவரிடம் ஒரு நீட்டு நோட்டு இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு வார்த்தை. கல்லில் எந்த வார்த்தை எந்தப் பாஷையில் வந்தாலும் அந்தப் பக்கத்தில் ஏற்றுவார். ஒரு பக்கம் மட்டும் நிரம்பி, ஓரத்தில் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. துறைமுகம் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அது என்ன என்று கேட்டேன்.

"கிராவ்" என்றார். நாலு எழுத்து பெரிசாக எழுதியிருந்தது. முதல் எழுத்து வளைஞ்ச அரிவாள் மாதிரி. ரெண்டாவது காலை நீட்டின மாதிரி. மூணாவது கூடாரம். நாலாவது அதே கூடாரத்தைக் கவிழ்த்த மாதிரி.

"அப்படின்னா என்னா சார்?"

"எவன் கல்லுங்கிறதப் பொறுத்தது. இங்கிலீஷ்காரன் கல்லுல இருந்தா புதைகுழி. கொஞ்சம் இழுத்து கிரேவ்னு சொல்லுவான். டேனிஷ்காரனுக்கும் குழி. டச்சுக்காரன் கிராஃப்ம்பான், ஜெர்மன்காரன் கிராப்ம்பான். எல்லாம் குழிதான். தோண்டுறதுங்கிற வேர்ல இருந்து வந்தது."

"சரி."

"பிரெஞ்சுக்காரன் கல்லுல இதே மாதிரி பார்த்தா குழி இல்ல. பாரம். கனமானது. போர்ச்சுகீசுக்காரனுக்கும் அப்படித்தான். அது லத்தீன்ல இருந்து வந்த வேற வேரு. நம்ம கடிலமும் உப்பனாறும் துறைமுகத்துகிட்ட சேருதே, அந்த மாதிரி. எங்கெங்கயோ பொறந்து ஒரே எடத்துல வந்து நிக்குது. தண்ணியப் பார்த்து எது எந்த ஆத்துத் தண்ணின்னு சொல்ல முடியாது."

டீயை உறிஞ்சினார். துண்டுக் காகிதத்தைப் பிரித்தார்.

"பிரெஞ்சுக்காரன்கிட்ட குழி தோண்டுற வேரும் இருக்கு. ஆனா குழிக்கு இல்ல. கல்லுல எழுத்து வெட்டுறதுக்கு கிராவேன்னு வெச்சிருக்கான். ஜெர்மன்காரன் கிராஃப்னு ஒண்ணு வெச்சிருக்கான், பிரபுன்னு அர்த்தம். அது எங்கேருந்து வந்துதுன்னு எவனுக்கும் உறுதியாத் தெரியாது. எழுத்துக்காரன்ங்கிற பழைய வார்த்தையில இருந்து வந்திருக்கலாம்ங்கிறாங்க."

"அம்புட்டுதானா?"

"இன்னும் ஒண்ணு. போர்ச்சுகீசுல கிராவிடான்னா புள்ளத்தாச்சி. டேனிஷ்லயும் கிராவிட்னா அதான். வயித்துல பாரம் இருக்கில்ல."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"நம்ம பக்கத்துலயும் அப்படித்தான் சார்" என்றேன். "புள்ளத்தாச்சியா ஒருத்தி செத்துப்போனா சுமைதாங்கி நடுவாங்க. ரெண்டு கல்ல நிறுத்தி மேல ஒரு கல்லு. ரோட்டுல பாரம் தூக்கிட்டுப் போறவங்க அது மேல எறக்கி வெப்பாங்க. அவ எறக்காமப் போன பாரம் அப்பதான் எறங்கும்னு சொல்லுவாங்க."

சார் பேனாவைத் திறந்தார்.

"எங்க இருக்கு?"

"எங்க ஊர் ரோட்டுல ஒண்ணு நிக்குது. எங்க அக்காவுக்கு வெச்சது."

எழுத ஆரம்பித்தவர் நிறுத்தினார். "எழுத்து இருக்கா அதுல?"

"இல்ல சார். எண்ண வேண்டிய வேலை இல்ல."

அந்தப் பக்கத்தில் கடைசி வரியாக அதையும் எழுதிக்கொண்டார்.

பரங்கிப்பேட்டை வேலை அதற்கு அடுத்த சித்திரையில் வந்தது. மனு கொடுத்தது ஹாஜா. வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லில் எழுத்து தெரிகிறது, பார்த்து எழுதிக் கொடுக்கவும் என்று. முட்லூர் வழியாகப் போகிற பஸ்ஸில் வாளியும் காகிதச் சுருளுமாகப் போய் இறங்கினோம்.

அந்த ஊரில் கல்யாணத்தின்போது பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். அப்படி சபுராவுக்குக் கொடுத்த வீடு அது. பழைய வீடு. வாங்கும்போதே கல் அங்கே இருந்திருக்கிறது. கல்யாணம் ஆன நாலு வருஷத்தில் ரெண்டு பிள்ளை தங்கவில்லை. இது மூணாவது. வீட்டுக்காரர் துபாயில்.

ஹாஜா மறைக்காமல் பேசினார்.

"சார், பேய் பிசாசுன்னு நாங்க நம்புறவங்க இல்ல. ஆனா கபுரு மேல, ஆளப் பொதச்ச எடத்து மேல, துணி தொவைக்கிறது, தண்ணி ஊத்தறது எங்களுக்கு ஆகாது. கபுருதான்னு நீங்க எழுதிக் குடுத்தா என் தம்பி இந்த வீட்டுல கால் வைக்க மாட்டான். எங்க உம்மா அவனுக்கு வேற எடம் பார்ப்பாங்க. வேற பொண்ணும்தான். அதையும் சொல்லிடறேன்."

ஜுலைகா அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். சபுரா அடுப்படி வாசலில் நின்றிருந்தது. போகவில்லை.

"கபுரு இல்லன்னா?" என்றார் சார்.

"இல்லன்னா இல்ல. நான் ஏன் பொழப்பு கெட்டு நிக்கிறேன். ஊர்ல சொல்ற அந்த வெள்ளக்காரி அத்தினி வருஷமா வாடகை கட்டாம இருக்காளா, இல்ல கல்லு மட்டும்தான் இருக்கான்னு தெரிஞ்சா போதும்."

சார் சிரிக்கவில்லை. வேலையை ஆரம்பித்தோம்.

கல் முழுக்க சோப்பு. பல வருஷத்துச் சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து எழுத்துப் பள்ளத்தை அடைத்திருந்தது. தேய்த்தேன். விரல் வைத்து எண்ணினேன். முப்பத்தொன்று. காகிதம் விரித்து அடித்தேன்.

முதல் அடியிலேயே கை நின்றது.

கல்லுக்குக் கீழே மண் இருந்தால் பிரஷ் சத்தம் செத்துப் போகும். இங்கே சாகவில்லை. கீழே எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. காலிப் பானையைத் தட்டின மாதிரி. சார் படிக்கிறவர், சத்தம் கேட்கிறவர் இல்லை. ரிஜிஸ்டரில் சத்தத்துக்குக் கட்டமும் கிடையாது. நான் அடித்துக்கொண்டே போனேன்.

காகிதம் விட்டது. எண்ணினால் முப்பத்தி நாலு.

விரலில் முப்பத்தொன்று, காகிதத்தில் முப்பத்தி நாலு. என் சர்வீசில் காகிதம் கல்லை விட ஜாஸ்தி எழுத்து காட்டினது கிடையாது. சார் கடிகாரத்தைக் கவிழ்த்தார். திரும்பக் கல்லில் எண்ணினேன். இப்போது கல்லிலும் முப்பத்தி நாலு.

"அடிக்கிறதுல சோப்பு ஊறி வெளிய வருது" என்றார் சார். "நாளைக்குப் பார்ப்போம். எண்ணிக்கை நிக்கிற வரைக்கும் எடுக்கணும்."

காரணம் அதுதான். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கல் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறக்கிற மாதிரிதான் இருந்தது.

ரெண்டாவது வரியில் நாலு எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. அரிவாள். நீட்டின கால். கூடாரம். கவிழ்த்த கூடாரம். நான் சாரைப் பார்த்தேன். சார் என்னைப் பார்த்தார்.

"அந்த நாலு எழுத்து என்னா சார்?" என்றார் ஹாஜா.

"எந்தப் பாஷைன்னு தெரியாம அர்த்தம் சொல்ல மாட்டேன்."

"நாலு எழுத்துக்கு இவ்வளவு யோசனையா? என் பேர எழுதுங்க, ரெண்டே எழுத்து. ரெண்டு செகண்டுல படிச்சிடலாம்."

"உங்க பேர எனக்கு முன்னாலயே தெரியும் பாய். அதான் சுளுவா இருக்கு" என்றார் சார்.

அன்றைக்கு முதல் தடவையாக சபுரா சிரித்தது.

ரெண்டாம் நாள் விரலில் நாற்பது. காகிதத்தில் நாற்பத்தி நாலு. கடிகாரம் கவிழ்ந்தே கிடந்தது. அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் முன்பக்கம் சாப்பிடப் போனபோது சபுரா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது.

"மாமா, ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"இன்னைக்கு நாலு எழுத்து ஜாஸ்தியாச்சே. நாளைக்கும் ஜாஸ்தியாகுமா?"

"சோப்பு தீர்ற வரைக்கும் ஆகும்."

"எல்லா எழுத்தும் வந்துட்டா?"

"சார் படிப்பாரு."

முன்பக்கம் ஒரு தடவை பார்த்தது.

"ரெண்டும் தங்காதப்ப கல்லால்தான்னு சொன்னாங்க. நான் கேக்கல. இந்தக் கல்லுல குந்தி நான் எம்புட்டோ தரம் அழுதிருக்கேன் மாமா. இது எனக்கு ஒண்ணும் செய்யல. துபாயிலேர்ந்து அவுங்க போன்ல கேட்டா மட்டும் எனக்குப் பதில் வரல. இந்த வீட்ட விட்டா எனக்கு அவுங்களும் இல்ல."

தண்ணீரைக் குடித்தேன். எங்க அக்காவுக்கும் அது மூணாவதுதான்.

மூணாம் நாள் காகிதம் விடவே இல்லை. சித்திரை வெயில். மேலே எல்லாம் காய்ந்து விட்டது. கீழ் ஓரம் மட்டும் ஈரமாகவே இருந்தது. கை வைத்தால் சில்லென்று இருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். காற்று இல்லை. கடைசியில் "டிக்" என்றது. அஞ்சு பேருக்கும் கேட்டது. ஜுலைகா அம்மா வாய்க்குள் ஏதோ ஓதினார்கள்.

விரலில் ஐம்பத்திரண்டு. காகிதத்தில் ஐம்பத்திரண்டு. சார் அகராதியை விரித்து, மடியில் வைத்து, அரை நாள் உட்கார்ந்தார். அவர் படித்ததும் ஐம்பத்திரண்டு.

"இது டேனிஷ்" என்றார். "ஒரு பொம்பளைக்கு வெச்ச கல்லு. பேரு தேஞ்சிருக்கு. யாரோ ஒருத்தர் மனைவின்னு இருக்கு. அந்த நாலு எழுத்துக்குப் பின்னால கல்லு பொரிஞ்சிருக்கு. குழியா, பாரமான்னு நான் ஊகிக்க மாட்டேன்."

ஹாஜா முகம் மாறினது. "அப்ப கபுருதானே?"

"பொறுங்க. கீழ் ஓரத்தப் பாருங்க. எழுத்து முடிஞ்ச எடத்துலயே கல்லு நேரா வெட்டி முடியுது. முழுக் கல்லா இருந்தா கீழ வெறும் எடம் விட்டிருப்பான். எங்கயோ கெடந்த கல்ல ஒடச்சு, வீடு கட்டறவன் தூக்கிட்டு வந்து போட்டிருக்கான். இந்த ஊர்ல நெறைய கல்லு அப்படித்தான் இருக்கு. கல்லு வந்திருக்கு. ஆளு வரல."

"அதையே எழுதிக் குடுங்க."

எழுதினார். ஹாஜா அதை வாங்கி ரெண்டு தடவை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் தம்பிக்காகத்தான் நின்றார் என்று அப்போதுதான் தெரிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் ஓடினார். ஜுலைகா அம்மா சாரை டீ குடிக்க முன்பக்கம் கூட்டிப்போனார்கள். ரிஜிஸ்டரில் சார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கடிகாரம் கல் ஓரத்திலேயே இருந்தது.

நான் சாமான்களைக் கட்டினேன். கல்லைக் கடைசியாக ஒரு தடவை கழுவி விடுவது வழக்கம். தண்ணீரை ஊற்றி நாரால் தேய்த்தேன். கீழ் ஓரத்தில் நார் மாட்டினது. இழுத்தேன். ஒரு பட்டை பெயர்ந்து வந்தது.

அது கல் இல்லை. சுண்ணாம்பு. எந்தக் காலத்திலோ ஒரு கொத்தனார் கரணை பிடித்து நேராக இழுத்து விட்டிருக்கிறார். கல்லைப் போலவே இருந்தது. சார் வெட்டினது என்று சொன்ன ஓரம் அந்தச் சுண்ணாம்பின் ஓரம். கல் அங்கே முடியவில்லை. கீழே போகிறது. துவைகல் மேடைக்குள் போகிறது.

விரலை உள்ளே விட்டேன். எழுத்து இருந்தது. ஒரு வரி. யாரும் தண்ணீர் ஊற்றித் தேய்க்காத எழுத்து. முனை கூட மழுங்கவில்லை. நேற்று வெட்டின மாதிரி விரலைக் கீறினது.

எண்ணினேன். பழக்கம். பதினொன்று.

எழுத்துக்குக் கீழே ஒரு சாண் வெறும் இடம். முழுக் கல். வைத்த இடத்திலேயே, குழி மேல் இருக்கிற கல். அந்தச் சத்தம் ஏன் சாகவில்லை என்று எனக்கு விளங்கினது.

முதல் நாலு எழுத்து விரலுக்குத் தெரிந்தது. அரிவாள். நீட்டின கால். கூடாரம். கவிழ்த்த கூடாரம்.

"என்ன மாமா?"

சபுரா அடுப்படி வாசலில் நின்றிருந்தது. ஒரு கை வயிற்றில் இருந்தது. பார்வை என் விரலில் இருந்தது.

தெருப்பக்கம் ஹாஜா போனில் சத்தமாகப் பேசுவது கேட்டது. "ஒண்ணுமில்லடா. வெறும் கல்லுதான். எழுதியே குடுத்துட்டாங்க. நீ பேசு, அந்தப் புள்ளகிட்ட பேசு."

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "சோப்பு."

மூணு நாளாக நான் தோண்டி எடுத்த சோப்பும் சுண்ணாம்பும் வாளி ஓரத்தில் குழம்பாகக் கிடந்தது. அள்ளி அந்த இடத்தில் அப்பினேன். விரலால் அழுத்தினேன். பெயர்ந்த பட்டையை மேலே வைத்து நேராக்கினேன். முப்பத்தொரு வருஷத்தில் எழுத்தை மூடினது அந்த ஒரு தடவை.

சார் வந்தார். எப்போதும் கேட்கிறதைக் கேட்டார்.

"கடைசியா ஒரு தடவ எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன் சார்."

"எத்தனை?"

"ஐம்பத்திரண்டு."

கடிகாரத்தைத் திருப்பினார். கையில் கட்டினார். கையெழுத்துப் போட்டார். எனக்கும் நீட்டினார். நானும் போட்டேன்.

பஸ்ஸில் முட்லூர் தாண்டினதும் சார், "இன்னைக்கு கீழ் ஓரம் மட்டும் ஏன் காயல?" என்றார்.

"தொவைக்கிற தண்ணி சார்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூணு நாளாக அந்தக் கல்லில் யாரும் துவைக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. சார் இப்போது இல்லை. அந்த நோட்டு ஆபீசில் இருக்கிறது. போன் பண்ணினவரிடம் அந்தப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். சுமைதாங்கிக்கு அடுத்த வரியில் பரங்கிப்பேட்டை என்று எழுதியிருக்கிறதாம். அர்த்தம் எழுதுகிற இடம் காலியாக இருக்கிறதாம்.

சபுராவுக்குச் சிதம்பரத்தில்தான் பிரசவம். பெண் பிள்ளை. ஹாஜா ஆபீசுக்கே வந்து லட்டு கொடுத்துவிட்டுப் போனார்.

நாலு வருஷம் கழித்து வேறு ஒரு கல்லுக்காக அந்த ஊருக்குப் போனேன். அந்த வீட்டுக்கும் போனேன். கொல்லையில் வேறு சிமெண்டுக் கல் போட்டுத் துவைத்தார்கள். பழைய கல்லைச் சுற்றி ஒரு வரிசை செங்கல் வைத்திருந்தது.

"அங்க யாரும் கால் வைக்கிறதில்ல மாமா" என்றது சபுரா. "வழுக்குதுன்னு உம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"ஏம்மா?"

"நீங்க விரல் வெச்சப்ப நானும் எண்ணினேன். பதினொண்ணு."

பிள்ளை ஓடிவந்து சபுரா காலைக் கட்டிக்கொண்டது.

"தெரிஞ்சும் எப்படிம்மா இருந்தே?"

"அவளும் இங்கதான் இருந்தா. அவ மேல தண்ணி ஊத்தாம இருந்தா போதும்னு தோணிச்சு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னது. "ஆனா ஒண்ணு மாமா. நாலு வருஷமா ஒரு சொட்டுத் தண்ணி நாங்க ஊத்தல. மத்தியானம் ஆனா கீழ் ஓரம் ஈரமா இருக்கும்."

மத்தியானம்தான். குனிந்து தொட்டேன்.

ஈரம்.

இதை எழுதலாமா என்று போன வாரம் சபுராவிடம் கேட்டேன். வீட்டுக்காரர் துபாய் வேலையை விட்டு வந்து பல வருஷமாக அதே வீட்டில் இருக்கிறார். அவரிடமும் சொல்லிவிட்டதாம். செங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறது இப்போது அவர்தானாம்.

"எழுதுங்க மாமா" என்றது. "எண்ணிக்கை சரியா இருக்கணும்ல."

போனோடு அங்கே போகிறவர்களுக்குச் சொல்கிறேன். செங்கலைத் தாண்டுகிறபோது செருப்பைக் கழற்றிவிடுங்கள். கீழ் ஓரத்தில் இருக்கிறது சுண்ணாம்பு. அதைப் பெயர்க்க வேண்டாம். உங்கள் லைட்டில் அந்த வரி தெரிந்து, போன் அதைப் படித்துவிட்டால், அந்த நாலு எழுத்து குழியா, பாரமா, வெட்டினதா, வயிற்றுப் பிள்ளையா என்று எனக்குச் சொல்ல வேண்டாம். நான் படிக்கிறவன் இல்லை.

ரிஜிஸ்டரில் அந்தக் கல்லுக்கு நேராக மூணு கட்டத்திலும் ஐம்பத்திரண்டு என்று இருக்கும். மற்ற ரெண்டையும் அப்படியே விட்டுவிடுங்கள். முதல் கட்டம் என் விரலுடையது. அதை மட்டும் அடித்துத் திருத்துங்கள்.

அறுபத்து மூன்று.